சுமை வண்டியின் எஞ்சின் எண்ணெய்



கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரியைப் பார்த்திராதவர்களும் அதன் பெயரைக் கேட்டிருப்பார்கள். போர்த்துக்கேசியர் 1555-ஐ ஒட்டிக் கட்டி அரசருக்கு அளித்த அரண்மனையும், 1568-ல் எழுந்த யூதர்களின் வழிபாட்டு மண்டபமும் அங்கே இருக்கின்றன. ஆயினும் அந்தப் பகுதியின் உயிர்நாடி அவற்றில் இல்லை. பஜார் ரோடு என்னும் குறுகிய வீதியில்தான் இருக்கிறது. மிளகும் சுக்கும் ஏலமும் அரிசியும் அடுக்கிய பண்டகசாலைகள் அவ்வீதியில் நெருங்கி நிற்கின்றன. முன்னாளில் சரக்கு, கழியை நோக்கிய பின்வாசல் வழியாக வள்ளங்களில் வந்து இறங்கிற்று. இந்நாளில் முன்வாசல் வழியாகச் சிறிய சுமை வண்டிகளில் ஏறிச் செல்கிறது. 'பிக்கப்' என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்ட வண்டி அதுவே. 2005-ல் டாட்டா ஏஸ் வந்தது. 2011-ல் ஓசூரில் உருவான அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மஹிந்திரா பொலேரோ பிக்கப்பும் எங்கும் ஓடுகிறது. பெரிய லாரி நுழைய முடியாத சந்துகளிலும் இவை நுழைகின்றன.

பிற மாநிலங்களில் குடியேறிய நம் மக்களிலும் இவ்வண்டிகளை நம்பிப் பிழைப்பவர் உண்டு. அவர்களுக்கு வண்டி என்பது வெறும் சாதனமன்று. முதலும் அதுவே, கடனும் அதுவே, மாதச் சம்பளமும் அதுவே. எஞ்சின் இறுகி நின்றுவிட்டால், அதாவது பட்டறையில் சொல்வது போல 'சீஸ்' ஆகிவிட்டால், பழுது பார்க்கும் செலவு ஒரு புறம், வருமானமில்லாத நாட்கள் மறு புறம், தவறாமல் வந்து நிற்கும் தவணை இன்னொரு புறம் என மூன்று சுமைகள் ஒருங்கே தலையில் ஏறுகின்றன. சொந்த ஊராயின் கைமாற்றுக் கேட்க நாலு பேர் இருப்பார்கள். வந்தேறிய ஊரில் அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இத்தகைய விபத்துக்களில் பல, சில லிட்டர் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமையால் விளைபவை. ஆதலின், எஞ்சின் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது எப்படி, எப்போது மாற்றுவது, மாற்றியதை என் செய்வது என்னும் மூன்றையும் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

எண்ணெய் செய்யும் வேலைகள்

எஞ்சினுக்குள் எண்ணெய் ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை. உராயும் உலோகங்களுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று அவை ஒன்றையொன்று தொடாமல் காக்கிறது. பிஸ்டனின் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவந்து தணிக்கிறது. பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையிலுள்ள சிறு சந்தை அடைத்து, வெடிப்பின் வேகம் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது. எரிந்த டீசலின் கரியைக் கழுவித் தன்னுள்ளே மிதக்க வைத்துக்கொள்கிறது. துருவையும் அமிலத்தையும் தடுக்கிறது.

இந்தக் கழுவும் வேலையை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு வீண் அச்சம் நீங்கும். புதிய எண்ணெய் ஊற்றிச் சில நாட்களிலேயே அது கறுத்துவிட்டதே என்று பலர் கவலைப்படுகிறார்கள். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பது இயல்பு. சவர்க்காரம் அழுக்கை எடுத்தால் தண்ணீர் கலங்கத்தானே செய்யும்? ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து எண்ணெய் கெட்டது என்றோ, நன்றாயிருக்கிறது என்றோ தீர்மானிக்கலாகாது. கரியைத் தாங்கும் திறனுக்கும், அமிலத்தை முறிக்கும் திறனுக்கும் ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்பு கடந்தபின் எண்ணெய் கண்ணுக்கு முன்போலவே கறுப்பாக இருக்கும்; காவல் மட்டும் இராது.

கெட்டி எண்ணெய் என்னும் மயக்கம்

எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. நம் கிராமங்களில் மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போட்டார்கள். அது கெட்டியாக இருந்தால்தான் அச்சில் நிற்கும். ஆனால் மாட்டு வண்டிச் சக்கரம் நிமிஷத்துக்கு ஏறத்தாழப் பதினைந்து முறை சுற்றுவது. டீசல் எஞ்சினின் தண்டு நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை சுற்றுவது. அங்கே எண்ணெய் நுழைய வேண்டிய இடைவெளி தலைமயிரினும் மெல்லியது. காலையில் சாவியைத் திருப்பியவுடன் எண்ணெய் அந்த இடைவெளிகளை எட்டிவிட வேண்டும். எட்டுவதற்குத் தாமதமாகும் சில விநாடிகளில்தான் உலோகம் மிகுதியாகத் தேய்கிறது. வேண்டியதினும் கெட்டியான எண்ணெய் அந்தத் தாமதத்தைக் கூட்டுகிறது. டீசலையும் கூடுதலாகக் குடிக்க வைக்கிறது. மிகவும் நீர்த்த எண்ணெயோ, சூடேறியபின் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உராய விட்டுவிடும். ஆகவே வேண்டுவது கெட்டியுமன்று, நீர்ப்புமன்று. அந்த எஞ்சினுக்கு ஏற்ற பதம்.

அந்தப் பதத்தைத்தான் டப்பாவின்மேல் எண்களாக அச்சிட்டிருக்கிறார்கள். 15டபிள்யூ-40 என்றும் 5டபிள்யூ-30 என்றும் காண்கிறோமல்லவா? இவை அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கமாகிய எஸ்.ஏ.இ. வகுத்த எண்கள். 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண் சிறிதாகச் சிறிதாக, அந்த எண்ணெய் கடுங்குளிரிலும் எளிதில் ஓடும். பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறி 100 பாகையை எட்டியபின் எண்ணெய்க்கு எஞ்சியிருக்கும் கெட்டித்தன்மையைக் காட்டுகிறது. 30-ஐக் காட்டிலும் 40 கெட்டியானது. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்து புட்டியிலிருந்து இறங்க மறுப்பதையும், அதுவே வாணலியில் தண்ணீர்போல் ஓடுவதையும் அறியாதார் யார்? குளிரிலே உறையாமலும் சூட்டிலே நீர்த்துப் போகாமலும் இருக்கச் செய்த எண்ணெய்க்கே இந்த இரட்டை எண்.

கொச்சியில் கடுங்குளிர் என்பதே இல்லை. ஆகையால் முன்னெண் அங்கே பெரிய கவலை தருவதன்று. லே போன்ற மலைநகரங்களில், பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து பாகைக் குளிரில் வண்டியை எழுப்ப வேண்டியவர்களுக்கு அதுவே முதற்கவலை. எவ்வூராயினும் ஒரு விதி பொது: உங்கள் வண்டியின் கைப்புத்தகத்தில் எந்த எண் குறித்திருக்கிறதோ அந்த எண்ணே வேண்டும். பட்டறைக்காரர் பெரிய லாரிக்கு ஊற்றும் பீப்பாயிலிருந்து மலிவாக ஊற்றித் தருகிறேன் என்றால், பணிவாக மறுத்துவிடுங்கள்.

எண்ணுக்கு அடுத்தது தரம்

பதம் ஒன்றானாலும் தரம் வேறுபடும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமாகிய ஏ.பி.ஐ. தரும் குறியீட்டையும் பார்க்க வேண்டும். 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு. 'சி' என்று தொடங்குவது டீசல் எஞ்சினுக்கு. சி.எச்.-4, சி.ஐ.-4, சி.கே.-4 எனப் பிற்பட்ட எழுத்து பிற்பட்ட தரத்தைக் குறிக்கும். 2002-ல் வந்தது சி.ஐ.-4, 2016 டிசம்பரில் வந்தது சி.கே.-4.

இந்த வேறுபாடு நம் நாட்டில் 2020-க்குப் பின் மிக முக்கியமாகிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடெங்கும் பி.எஸ். 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தது. டீசலிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பல டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று, டி.பி.எஃப். என்னும் பெயரால், சேர்க்கப்பட்டது. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடுகிறது. ஆனால் எஞ்சின் எண்ணெய் எரிந்து விடும் சாம்பலை அதனால் எரிக்க முடியாது. அடுப்பிலே கரி எரியும். சாம்பல் மறுபடியும் எரியுமா? ஆதலின் இத்தகைய வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே வேண்டும். சி.கே.-4 தரத்தில் சாம்பலுக்கு நூற்றுக்கு ஒன்று என்னும் மேல்வரம்பு உண்டு, பழைய சி.ஐ.-4 தரத்தில் அவ்வரம்பு இல்லை. அண்ணன் ஓட்டிய பழைய வண்டிக்குப் பத்தாண்டு ஒத்துவந்த எண்ணெய் தம்பியின் புதிய வண்டிக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான். விலையுயர்ந்த வடிகட்டி அடைத்துக்கொண்டபின், எண்ணெயில் மிச்சம் பிடித்த காசு எங்கே போகும்?

வழியிலே எண்ணெய் குறைந்துவிட்டது, பழகிய கம்பெனியின் எண்ணெய் கிடைக்கவில்லை என்றால் அஞ்ச வேண்டுவதில்லை. அதே பதமும் அதே தரமும் உள்ள வேறு கம்பெனி எண்ணெயை அவசரத்துக்குச் சேர்க்கலாம். கம்பெனியின் பெயரைவிட எண்ணும் எழுத்துமே பிரதானம். அசலைத் தேடுவதிலும் கருத்து வேண்டும். காலி டப்பாக்களை வாங்கி அவற்றில் போலி எண்ணெய் அடைத்து விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. முத்திரை கலையாத டப்பாவை, ரசீதுடன், தெரிந்த கடையில் வாங்குங்கள். எண்ணெயை ஊற்றிய பின் டப்பாவைத் துளையிட்டுப் போடுங்கள். உங்கள் டப்பா இன்னொருவரை ஏமாற்றப் பயன்படாதிருக்கட்டும்.

தூரமும் நேரமும்

இனி, எப்போது மாற்றுவது என்னும் கேள்வி. இதுவே இன்றைய பேச்சின் மையம்.

கைப்புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுக என்று போட்டிருக்கும். நம்மில் பெரும்பாலோர் கிலோமீட்டரை மட்டுமே பார்க்கிறோம். ஆனால் எண்ணெய் கெடுவது சக்கரம் ஓடிய தூரத்தால் அன்று. எஞ்சின் உழைத்த உழைப்பால். இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

இரண்டு பிக்கப் வண்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டாஞ்சேரியிலிருந்து கோயமுத்தூருக்குச் சரக்கு ஏற்றிச் செல்கிறது. ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம். மற்றொன்று பஜார் ரோட்டிலிருந்து தோப்பும்படிக்கும், வெல்லிங்டன் தீவுக்கும், எர்ணாகுளம் கடைகளுக்கும் நாள் முழுதும் போய்வருகிறது. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர்தான். ஆனால் நெரிசலிலும், பண்டகசாலை வாசலில் காத்திருக்கையிலும் உறுமிக்கொண்டே நிற்பதையும் சேர்த்தால் எஞ்சின் ஓடியதும் ஐந்து மணி நேரம். இரண்டுக்கும் 10,000 கிலோமீட்டர் கெடு என்று கொண்டால், நெடுஞ்சாலை வண்டி அதை 53 பயணங்களில் முடிக்கும். எஞ்சின் உழைப்பு சுமார் 265 மணி. ஊருக்குள் ஓடும் வண்டிக்கோ 333 நாட்கள் வேண்டும்; எஞ்சின் உழைப்பு 1,660 மணிக்கு மேல். கெடு ஒன்றே, உழைப்போ ஆறு மடங்கு! மாதக் கெடு ஓராண்டு என்றிருந்தால் அதுவும் இந்த வண்டியை எச்சரிக்காது. ஏனெனில் ஆண்டு முடிவதற்குள் கிலோமீட்டர்க் கெடு வந்துவிடும்.

நின்று உறுமும் ஒரு மணியும், பாரமேற்றி மேடேறும் ஒரு மணியும் சமமல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் நின்று உறுமும் எஞ்சினுக்கு வேறு நோய்கள் உண்டு. சிறு தூரம் ஓடி நின்று, மீண்டும் சிறு தூரம் ஓடும் எஞ்சினில் எண்ணெய் போதிய அளவு சூடேறுவதில்லை. எரிந்த டீசலிலிருந்து வரும் நீராவி உள்ளே குளிர்ந்து தண்ணீராகிறது. அது வெளியேற வழியில்லாமல் எண்ணெயில் கலந்து அமிலத்தை வளர்க்கிறது. புகை வடிகட்டியுள்ள வண்டியில் இன்னொரு கேடும் சேர்கிறது. வடிகட்டியிலுள்ள கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசலைச் செலுத்துகிறது. சீரான வேகத்தில் சற்று நேரம் ஓடினால் அவ்வேலை முடிந்துவிடும். நெரிசலில் பாதியில் நின்றால், எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி எண்ணெயில் கலக்கிறது.

இதனால் ஒரு விசித்திரம் நேரிடுகிறது. அளவுகோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறையவில்லை, கூடியிருக்கிறது! சிலர் இதைக் கண்டு மகிழ்ச்சி அடைகிறார்கள். மகிழ்ச்சிக்கு உரியது அன்று இது, அபாய அறிவிப்பு. கூடியது எண்ணெயன்று, டீசல் அல்லது தண்ணீர். நீர்த்துப்போன எண்ணெய்க்குப் படலம் காக்கும் வலிமை இல்லை. மட்டம் குறைந்தாலும் கேள்வி கேளுங்கள். கூடினாலும் கேள்வி கேளுங்கள்.

இதன் பரிகாரம் யாது? பல கைப்புத்தகங்களில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று தனியாக ஒரு குறுகிய கெடு தரப்பட்டிருக்கும். அடிக்கடி நிறுத்தி ஓட்டுவது, நெடுநேரம் நின்று உறுமுவது, புழுதி, மிகுபாரம் ஆகியவையே அந்தக் கடுமை. ஊருக்குள் சரக்கு ஏற்றும் வண்டி பெரும்பாலும் அந்த வரிசையில்தான் சேரும். உங்கள் வண்டி எதில் சேரும் என்று அறியப் பத்து நாள் கணக்கு எழுதினால் போதும். எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடிற்று, எத்தனை கிலோமீட்டர் ஏறிற்று என்று குறித்து, அந்தத் தாளைக் கம்பெனியின் சேவை நிலையத்தில் காட்டி, எந்தக் கெடு பொருந்தும் என்று கேளுங்கள். டிராக்டருக்கும் படகு எஞ்சினுக்கும் மணிக்கணக்கில்தான் எண்ணெய் மாற்றுகிறார்கள். சந்தில் ஓடும் பிக்கப்பும் ஒரு வகையில் அவற்றின் இனமே.

இன்னொரு பரிகாரம் காசு செலவில்லாதது. காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகள் நீங்கும் வரை, வாளையாற்றில் சரக்கு வண்டிகள் மணிக்கணக்காக வரிசையில் நின்றதைப் பழைய ஓட்டுநர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சாவடி போயிற்று; உறுமிக்கொண்டு நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பண்டகசாலை வாசலிலும், ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகுத் துறையிலும் சாவியைத் திருப்பி நிறுத்தினால் டீசலும் மிச்சம், எண்ணெயும் மிச்சம்.

கொச்சிக்கு உரிய மற்றோர் ஆபத்து வெள்ளம். கடலோதம் ஏறும் நாட்களில் மேற்குக் கொச்சியின் தாழ்ந்த தெருக்களில் உப்புத் தண்ணீர் புகுவதுண்டு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளம் எங்கும் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியை ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்புவது பெருந்தவறு. உள்ளே புகுந்த தண்ணீர் பிஸ்டனின் அழுத்தத்துக்கு இடங்கொடாது, தண்டே வளைந்துவிடும். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் சென்று, பட்டறையில் எண்ணெயை வடித்துப் பார்த்த பின்பே எஞ்சினை எழுப்ப வேண்டும். அளவுகோலில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். மினுமினுக்கும் துகள் இருந்தால் உலோகம் தேய்கிறது என்று பொருள். இவ்விரண்டையும் கண்டால் ஒரு சவாரியும் போகாமல் பட்டறைக்குப் போக வேண்டும்.

மாற்றும் முறை

எண்ணெய் மாற்றுவது எளிய வேலைதான். ஆனால் ஒழுங்கு வேண்டும். சிறிது தூரம் ஓட்டி எஞ்சினை வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் எண்ணெய் இளகிக் கரியையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கும் சூடு கூடாது, கையைச் சுட்டுவிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அடைப்பானைத் திருகி, கடைசிச் சொட்டு வரை வடிய விடுங்கள். எண்ணெய் வடிகட்டியையும் கூடவே மாற்றுங்கள். பழைய வடிகட்டியை வைத்துக்கொண்டு புதிய எண்ணெய் ஊற்றுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டியையே உடுத்துவதற்கு ஒப்பாகும். புதிய வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் சிறிது புது எண்ணெய் தடவி மாட்டுங்கள். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடைப்பானின் வளையத்தைப் புதுப்பித்து, திருகு மரை அழியாதபடி அளவோடு இறுக்குங்கள்.

பிறகு கைப்புத்தகம் சொல்லும் அளவில் சற்றுக் குறைத்து ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, சில நிமிஷம் பொறுத்து அளவுகோலைப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு இடையே, மேற்குறியைத் தாண்டாமல், மட்டம் நிற்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இங்கே முற்றும் பொருந்தும். மிகுந்த எண்ணெயைச் சுழலும் தண்டு அடித்து நுரையாக்கும், நுரை படலம் காக்காது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவதும், எண்ணெயோடு ஏதேதோ மருந்துகளைக் கலப்பதும் வேண்டா. நல்ல எண்ணெயில் வேண்டிய மருந்துகள் முன்பே கலந்திருக்கின்றன.

கரி ஓயில்

வடித்த பழைய எண்ணெயை மலையாளத்தில் 'கரி ஓயில்' என்பார்கள். அழகான, பொருத்தமான பெயர். இந்தக் கரி ஓயிலை என் செய்வது? வாய்க்காலில் ஊற்றுவது, செல்லரிக்காமல் மரத்தில் பூசுவது, புழுதி அடங்கத் தெருவில் தெளிப்பது, கொசு ஒழியச் சாக்கடையில் விடுவது, கட்டட வேலைப் பலகைகளுக்குத் தடவுவது எனப் பல வழக்கங்கள் உண்டு. இவை அனைத்தும் கேடு. பழைய எண்ணெயில் தேய்ந்த உலோகமும், எரிந்த டீசலின் நச்சுப் பொருள்களும் இருக்கின்றன. ஒரு வண்டியில் ஒருமுறை மாற்றும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரித்திருக்கிறது.

மட்டாஞ்சேரியில் எந்த வாய்க்காலில் ஊற்றினாலும் அது போய்ச் சேருமிடம் கழி. அந்தக் கழி, 2002-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்த வேம்பநாட்டு நீர்ப்பரப்பைச் சேர்ந்தது. கரிமீனும் இறாலும் சிப்பியும் அதில்தான் பிழைக்கின்றன. அவற்றைப் பிடித்து விற்பவரும் அதனால்தான் பிழைக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியில் வேளி என்னுமிடத்தில் தமிழ் வண்ணார்களின் சலவைத் துறை ஒன்று உண்டு. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் அவர்கள் என்பது வழிவழிச் செய்தி. நமக்கு முன்னே அங்குச் சென்ற அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருப்பது தெளிந்த தண்ணீரை. அந்த மண்ணில் நாம் விடும் ஒரு குவளை எண்ணெய் எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று யார் சொல்ல முடியும்? குடிவந்த ஊரின் தண்ணீரைக் காப்பது, அவ்வூர் நமக்கிட்ட சோற்றுக்கு நாம் செய்யும் நன்றி.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயக் கழிவு. 2023-ல் செய்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எண்ணெய் உற்பத்தி செய்வோருக்கும் இறக்குமதி செய்வோருக்கும் பழைய எண்ணெயை மறுசுழற்சிக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஏற்பட்டிருக்கிறது. நம்மால் ஆவது எளிது. வடித்த எண்ணெயைக் கசியாத பழைய டப்பாவில் ஊற்றி மூடுங்கள். அதில் தண்ணீரோ, பெட்ரோலோ, ரேடியேட்டர் நீரோ கலக்க வேண்டா. கலந்தால் சுத்திகரிப்பது கடினம். பழைய வடிகட்டியையும் தலைகீழாக வைத்து வடிய விடுங்கள். பிறகு சேவை நிலையத்திலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றுச் சேகரிப்பவரிடமோ ஒப்படையுங்கள். எண்ணெய் தேய்ந்து அழிவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. அழுக்கை நீக்கினால் மறுபடியும் நல்ல எண்ணெய். 42 காலன் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் அளவு மசகெண்ணெயை, ஒரே காலன் பழைய எண்ணெயிலிருந்து எடுக்கலாம் என்று அதே முகமை கணக்கிட்டிருக்கிறது.

உங்கள் உடம்பையும் மறவாதீர்கள். கரி ஓயில் நெடுங்காலம் தோலில் பட்டுக்கொண்டிருந்தால் சொறியும் சிரங்கும் மட்டுமல்ல, தோற்புற்றுக்கும் அது ஏதுவாகலாம். கையுறை அணியுங்கள். பெட்ரோலால் கை கழுவாமல் சவர்க்காரத்தால் கழுவுங்கள். எண்ணெய் நனைந்த துணியைச் சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு சிறு நோட்டு

இறுதியாக, வெளிமாநிலத்தில் வாழும் நம்மவருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். சொந்த ஊரில் வண்டிக்கு ஒரே மேஸ்திரி இருப்பார். எப்போது என்ன ஊற்றினோம் என்பது அவருக்கு நினைவிருக்கும். வெளியூரில் இன்று எர்ணாகுளம், நாளை பாலக்காடு, மறுநாள் ஒட்டன்சத்திரம் எனப் பட்டறை மாறிக்கொண்டே இருக்கிறது. கைப்புத்தகம் ஆங்கிலத்தில், மேஸ்திரி பேசுவது மலையாளத்தில், நாம் நினைப்பது தமிழில். இந்த மூன்றுக்கும் நடுவே கெடு தவறிப்போகிறது.

ஆகவே வண்டியில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். முதல் பக்கத்தில், கைப்புத்தகத்தில் உள்ளபடி எண்ணெயின் எண்ணும் தர எழுத்தும் எத்தனை லிட்டர் என்பதும் இருக்கட்டும். ஆங்கில எழுத்திலும் தமிழிலும் எழுதுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு எழுதுவித்தாலும் நன்று. அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெய், வடிகட்டி மாற்றிற்றா, அடுத்த கெடு எப்போது என ஐந்து செய்திகள்; கூடவே ரசீது. வாரம் ஒருமுறை காலையில் அளவுகோலைப் பார்த்து மட்டத்தையும் குறியுங்கள். உத்தரவாதக் காலத்தில் கம்பெனியோடு வாதிட நேர்ந்தால் இந்த நோட்டே சாட்சி. வண்டியை விற்க நேர்ந்தால் இந்த நோட்டே அதற்கு நற்சான்று. வேறொருவர் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திருவிழாவுக்குப் போனாலும் இந்த நோட்டே உங்களுக்குப் பதிலாகப் பேசும்.

சுருங்கச் சொன்னால்: கைப்புத்தகம் சொல்லும் எண்ணையும் எழுத்தையும் பார்த்து வாங்குக, தூரத்தோடு நேரத்தையும் கணக்கிட்டு மாற்றுக, மாற்றியதைத் தண்ணீரில் சேர்க்காமல் உரியவரிடம் சேர்க்க. எஞ்சினுக்குள் இருக்கும் சில லிட்டர் எண்ணெய் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் வெளியூரில் நாம் கட்டியெழுப்பிய பிழைப்பு அந்தப் படலத்தின்மேல்தான் ஓடுகிறது என்பதை மறவாதிருப்போமாக.